குட் மார்னிங்குக்கு ‘ம்’ பதில் ஆகாது

போன ஞாயிற்றுக்கிழமை எங்க சேரிப் படிப்பகத்தில் ஒரு பெண் கேட்டாள். பி.காம். முடித்தவள், அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். வியாழக்கிழமை அவளுக்கு ஒரு தனியார் கம்பெனியில் இன்டர்வியூ. “அண்ணா, கதவத் தெறந்துகிட்டு உள்ள போனதும் மொத வார்த்த என்னா சொல்லணும்?”

சின்னக் கேள்விதான். “காலையில போனா குட் மார்னிங், பன்னெண்டு மணி தாண்டிட்டா குட் ஆஃப்டர்நூன், அவ்வளவுதாம்மா” என்று சொன்னேன். அவள் நகரவில்லை. “சொல்லும்போது கையெடுத்துக் கும்பிடணுமா? குனியணுமா? அவங்க ஒண்ணுமே சொல்லலன்னா திரும்ப ஒருவாட்டி சொல்லணுமா?” கேட்டுக்கொண்டே போனாள். கடைசிக் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இல்லை.

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தோழர் தலையைத் தூக்கினார். “அம்பேத்கர் படத்துக்குக் கீழ உக்காந்துகிட்டு வெள்ளைக்காரனுக்கு சலாம் போடக் கத்துக்குடுக்குற. வணக்கம்னு தமிழ்ல சொன்னா கொறஞ்சா போயிடும்?” என்றார். அவர் கேள்வியும் ஞாயம்தான். இரண்டு பேருக்கும் அன்றைக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

மொதல்ல என் கதை. 2012இல் ஒரு வங்கி இன்டர்வியூவுக்குப் போனேன். அப்போதெல்லாம் கிளார்க் வேலைக்கும் இன்டர்வியூ உண்டு. (ஒன்றிய அரசு கீழ்நிலை வேலைகளுக்கு இன்டர்வியூவை எடுத்தது 2016 ஜனவரியிலிருந்துதான். எழுத்துப் பரீட்சையில் ஜெயித்துவிட்டு அந்த அறைக்குள் போய்த் தோற்றுத் திரும்பிய நம்ம பிள்ளைகளின் கணக்கை யார் எழுதப்போகிறார்கள்?) காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டபோது சாயங்காலம் ஆறேகால். வெளியே விளக்குப் போட்டாச்சு. இருட்டிப்போனா நைட்டுதானே? உள்ளே போய் நெஞ்சை நிமிர்த்தி “குட் நைட் சார்” என்றேன். மூன்று பேர். ஓரத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, “என்னப்பா, வந்ததுமே கெளம்புறியா?” என்று தமிழில் கேட்டார். பிறகு மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அதுக்கப்புறம் அவர்கள் கேட்ட எதுவும் காதில் ஏறவில்லை. ரிப்போ ரேட் என்றால் என்ன என்றார்கள். தெரியும். வாய் வரவில்லை. அந்த வேலை கிடைக்கவில்லை. மறுவருஷம் வேறொரு வங்கியில் கிடைத்தது.

குட் நைட் என்பது பிரியும்போது சொல்வது. ராத்திரி பத்து மணிக்கு ஒருத்தரைச் சந்தித்தாலும் குட் ஈவ்னிங்தான். இந்த ஒரு வரியை எனக்குச் சொல்லித்தர பதினஞ்சு வருஷப் படிப்பில் ஒருத்தரும் இல்லை. ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் எல்லாம் பக்கம் பக்கமாக எழுதினேன். வாழ்த்துச் சொல்வதை யாரும் பாடமாக நடத்துவதில்லை. அதெல்லாம் வீட்டிலிருந்து வரவேண்டியது என்று நினைக்கிறார்கள். யாருடைய வீட்டிலிருந்து?

எங்க வீட்டிலிருந்து வந்த வாழ்த்து என் தாத்தாவின் ‘கும்புடுறேன் ஆண்டே’. சொல்லும்போதே தோளில் கிடந்த துண்டு அக்குளுக்குள் போய்விடும். முதுகு தானாக வளையும். அந்தக் கும்பிடு ஆண்டைக்கு மட்டும் இல்லை. ஆண்டையோட எட்டு வயசுப் பையனுக்கும் உண்டு. ‘கும்புடுறேன் சின்னாண்டே.’ அந்தப் பொடியன் தாத்தாவைப் பேர் சொல்லி ‘என்னாடா’ என்பான். பெரிய ஆண்டை ‘ம்’ என்பார். சில நாள் அதுவும் இருக்காது. நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்குப் பத்துக் கும்பிடு என்று வைத்தாலும் அறுபது வருஷத்தில் இரண்டு லட்சத்துப் பத்தொன்பதாயிரம். எல்லாம் பற்று. வரவுப் பக்கத்தில் ஒரு பைசா இல்லை.

இது ஏதோ ஒரு ஊர் ஆண்டையின் திமிர் மட்டும் இல்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். சட்டை, பனியன் போடக் கூடாது, வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு மாட்டக் கூடாது, பொம்பளைங்க மேலுடம்பை மூடக் கூடாது. ஜே.எச். ஹட்டன் தன் புத்தகத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார். இந்தத் தடைகளைப் படிக்கிறபோது எனக்குத் தாத்தாவின் கும்பிடுதான் ஞாபகம் வருகிறது. உடம்பு முழுக்க ஒரே கும்பிடாக நிற்கணும் என்பதுதான் சட்டம். வாய் அதைச் சும்மா ஒருதரம் சொல்லிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

தோழர் சொன்ன ‘வணக்கம்’ நல்ல சொல்தான். மேடையில் கிடந்த நமஸ்காரத்தை இறக்கிவிட்டு வணக்கத்தை ஏற்றிய இயக்கங்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். ஆனாலும் அதன் வேர் வணங்குதல்தானே? வளைதல்தானே? மேடையிலிருந்து ‘அனைவருக்கும் வணக்கம்’ என்கிறபோது எல்லாருக்கும் ஒரே அளவில் விழுகிறது. ஊர்த்தெருவில் நிமிர்ந்து நின்று ‘வணக்கம்’ என்று சொல்லிப் பாருங்க தோழர். ‘என்னா, வணக்கமெல்லாம் பலமா இருக்கு?’ என்று வரும். அங்கே அவர்கள் எடை போடுவது நம்ம குனிவை. சொல் எதுவானாலும் அவர்களுக்கு ஒன்றுதான்.

நம்ம ஆளுங்களுக்குள்ள இருக்கிற வாழ்த்து வேற. ஆயா எதிரில் யார் வந்தாலும் ‘கஞ்சி குடிச்சியா?’ என்பாள். கேட்கப்பட்டவன் ‘ஆச்சு, நீ குடிச்சியா?’ என்பான். பசியோடு இருந்த சனங்க கண்டுபிடித்த குட் மார்னிங் அது. திருப்பிக் கேட்டே ஆகணும் என்பது அதிலேயே இருக்கிறது. நாமே உண்டாக்கிய இன்னொரு வாழ்த்தும் அப்படித்தான். நாக்பூர் பக்கம் காம்ட்டியைச் சேர்ந்த பாபு ஹர்தாஸ் பரப்பியதாகச் சொல்லப்படும் ‘ஜெய் பீம்’. 1904இல் பிறந்து 1939இல் செத்துப்போன மனுசன். அவர் விட்டுப்போன அந்த இரண்டு சொல்லுக்கும் பதில் அதே இரண்டு சொல்தான். சொன்னவன் கலெக்டரானாலும் கழனி வேலைக்காரனானாலும் எதிராளி அதையேதான் சொல்லியாகணும்.

நான் அந்தப் பெண்ணுக்குக் குட் மார்னிங் சொல்லிக் கொடுத்ததும் இதே காரணத்துக்காகத்தான். குட் மார்னிங்குக்குப் பதில் குட் மார்னிங். ஹலோவுக்கு ஹலோ. முதல் தடவை அறிமுகமாகும்போது இங்கிலீஷ்காரன் பழைய மரியாதையில் ‘ஹவ் டூ யூ டூ’ என்பான். கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் கேள்வி இல்லை. பதிலும் ‘ஹவ் டூ யூ டூ’தான். போட்ட தொகை அப்படியே திரும்பி வரணும். வரவில்லை என்றால் குற்றம் வாங்கியவன் மேல், கொடுத்தவன் மேல் இல்லை. இந்த ஒரு விதிக்காகவே அந்த வார்த்தைகளை நம்ம பிள்ளைகள் கற்றுக்கொள்ளணும் என்கிறேன்.

இந்தச் சமத்துவம் இங்கிலீஷ் பாஷை பிறக்கும்போதே கூடப் பிறந்ததில்லை. அங்கேயும் ஒரு காலத்தில் நீ, நீங்க இருந்தது. கீழே இருக்கிறவனுக்கு ‘தௌ’, மேலே இருக்கிறவனுக்கு ‘யூ’. பெரிய மனுசனைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றணும். நம்ம துண்டு மாதிரியே. பதினேழாம் நூற்றாண்டில் குவேக்கர் என்கிற கிறிஸ்தவக் கூட்டம் இதை மறுத்தது. கடவுளுக்கு முன்னால் எல்லாரும் ஒன்று, ஆகவே நீதிபதியானாலும் பிரபுவானாலும் ‘தௌ’ என்றுதான் கூப்பிடுவோம், தொப்பியையும் கழற்ற மாட்டோம் என்றார்கள். யோசித்துப் பாருங்க, நீதிபதியைப் பார்த்து ‘நீ’. அடி வாங்கினார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். 1670இல் தெருவில் பிரசங்கம் செய்த வழக்கில் வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இரண்டு பேரை லண்டன் கோர்ட்டில் நிறுத்தினார்கள். அவர்கள் தலையில் தொப்பி இல்லாமல்தான் உள்ளே வந்தார்கள். கோர்ட்டே தொப்பியை மாட்டிவிடச் சொல்லி, அப்புறம் ஏன் கழற்றவில்லை என்று அபராதம் போட்டது! குனியாதவனை எப்படியாவது குனியவைத்துப் பார்த்துவிடணும் என்கிற வெறி அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

கடைசியில் பொதுப்பேச்சிலிருந்து ‘தௌ’ செத்துப்போனது. பிரார்த்தனையிலும் சில வட்டார வழக்கிலும் மட்டும் மிஞ்சியது. எல்லாருக்கும் ‘யூ’. குவேக்கர்கள் கேட்டது எல்லாரையும் ‘நீ’ ஆக்கச் சொல்லி. பாஷை எல்லாரையும் ‘நீங்க’ ஆக்கிவிட்டது. என் தாத்தாவை வாழ்நாளில் ஒருதரம்கூட ஊர்க்காரன் ‘நீங்க’ என்றதில்லை. நான் இங்கிலீஷில் வாயைத் திறந்தால் எதிரே இருப்பவனுக்கு என்னை ‘நீ’ என்று கூப்பிட சொல்லே கிடையாது. இது சின்ன விஷயமா தோழர்?

வெள்ளைக்காரன் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. பாஷை சமமாக இருந்தாலும் சாதிவெறியும் நிறவெறியும் உள்ளே புக ஒரு ஓட்டை கண்டுபிடித்துவிடும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வெள்ளைக்காரர்களுக்கு மிஸ்டர், மிஸஸ்; கறுப்பர்களுக்கு வெறும் பேர். அறுபது வயசுக் கிழவரும் ‘பாய்’தான். நம்ம ‘டேய்’. 1963இல் அலபாமா மாநிலத்தில் காட்ஸ்டன் என்ற ஊர்க் கோர்ட்டில் மேரி ஹாமில்டன் என்கிற கறுப்பினப் போராளி சாட்சிக் கூண்டில் நின்றார். அரசு வக்கீல் ‘மேரி’ என்று கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். மிஸ் ஹாமில்டன் என்று கூப்பிடாத வரைக்கும் பதில் சொல்ல முடியாது என்று நின்றுவிட்டார் அந்த அம்மா. கோர்ட் அவமதிப்பு என்று ஐந்து நாள் ஜெயில், ஐம்பது டாலர் அபராதம். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 1964இல் அந்தத் தண்டனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஒரு ‘மிஸ்’ஸுக்காக ஜெயிலா என்று கேட்கிறவர்கள் என் தாத்தாவின் கணக்கை ஒருதரம் பார்த்துவிட்டு வரட்டும்.

சரி, அந்தப் பெண் கேட்டதுக்கு வருவோம். காலையில் பன்னிரண்டு வரை மார்னிங், அப்புறம் பொழுது சாயும்வரை, ஐந்து ஐந்தரை என்று வைத்துக்கொள்ளலாம், ஆஃப்டர்நூன், அதற்கு மேல் ஈவ்னிங். தெரியாத ஆள், ஆபீஸ், இன்டர்வியூ என்றால் இதில் ஒன்று போதும், தப்பே வராது. ‘ஹாய்’ என்பது சிநேகிதர்களுக்கு, கூட வேலை செய்கிறவர்களுக்கு. ‘ஹலோ’ நடுவில் இருக்கிறது, யாருக்கும் சொல்லலாம். முதல் சந்திப்பில் ‘நைஸ் டு மீட் யூ’, அதே ஆளை இரண்டாம் தரம் பார்க்கும்போது ‘நைஸ் டு சீ யூ’. ‘ஹவ் ஆர் யூ’ என்று கேட்டால் ‘ஃபைன், தேங்க் யூ’ என்று சொல்லிவிட்டு ‘அண்ட் யூ?’ என்று திருப்பிக் கேட்டுவிடணும். வயித்துவலிக் கதையெல்லாம் அங்கே சொல்லக் கூடாது. ஆயாவின் ‘கஞ்சி குடிச்சியா’வை அப்படியே இங்கிலீஷில் போட்டுவிடாதீங்க, முன்பின் தெரியாதவனிடம் கேட்டால் நீங்க அவனை ஓட்டலுக்குக் கூப்பிடுவதாக நினைப்பான். ‘எங்க கெளம்பிட்டீங்க?’ என்பதும் அப்படித்தான். நமக்கு அது அன்பு, அவர்களுக்கு வேவு பார்க்கிறது.

டெலிபோனுக்கு ‘ஹலோ’வைச் சிபாரிசு செய்தவர் எடிசன், 1877இல். கிரகாம் பெல்லுக்குப் பிடித்தது கப்பல்காரர்கள் கூவும் ‘அஹோய்’. எடிசன்தான் ஜெயித்தார். எனக்கு இந்த ஹலோ மேல் தனிப் பிரியம் உண்டு. எதிர்முனையில் யார், என்ன வயசு, என்ன சாதி என்று தெரிவதற்கு முன்னாலேயே சொல்லியாகவேண்டிய வாழ்த்து அது. நம்ம ஊரில் சாதி தெரிந்த பிறகுதான் வாயே திறக்கிறார்கள். போனை எடுத்தால் ‘ஹலோ’ சொல்லி, அடுத்து உங்க பேரைச் சொல்லுங்க. ‘யாரு பேசறது?’ என்று அதட்டுகிறது ஆண்டை பழக்கம்.

‘சார்’ விஷயம்தான் சிக்கல். இங்கிலீஷ்காரன் பட்டம் வாங்கினவன் பேருக்கு முன்னால் ‘சர்’ போடுவான். கடைக்காரன் வாடிக்கையாளரிடம், பையன் வாத்தியாரிடம் சொல்வதும் உண்டு. பேருக்குப் பின்னால் ஒட்டுகிற ‘முருகன் சார்’ நாம் செய்தது. அது போகட்டும். ஒரு பேச்சில் ஒரு சார் மரியாதை. ஒரு வாக்கியத்தில் மூணு சார் வந்தால் அது துண்டை அக்குளில் வைத்த மாதிரி. இதைப் பள்ளிக்கூடத்திலேயே பழக்கிவிடுகிறார்கள். வாத்தியார் நுழைந்ததும் ‘குட் மார்ர்ர்னிங் சார்ர்ர்’ என்று அம்பது பிள்ளைகள் எழுந்து கத்தணும். அவர் ‘ம், உக்காரு’ என்பார். திருப்பித்தர வேண்டிய வாழ்த்தைத் திருப்பித்தராத வாழ்த்தாக மாற்றுகிற வேலை அங்கேயே தொடங்குகிறது. இங்கிலீஷுக்கே சாதி போட்டுவிட்டார்கள்.

கடுதாசியில் இன்னும் மோசம். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று ஆரம்பித்து ‘தாழ்மையுடன் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்’ என்று இங்கிலீஷில் இழுக்கிற விண்ணப்பங்கள் தினமும் என் கவுண்டருக்கு வருகின்றன. ஏ.டி.எம். கார்டு தொலைந்துபோனதுக்கு எதுக்கய்யா கெஞ்சல்? ‘டியர் சார் ஆர் மேடம்’ போதும். அதுக்கு முடிவு ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’. பேர் தெரிந்தால் ‘டியர் மிஸ்டர்’ என்றோ ‘டியர் மிஸ்’ என்றோ தொடங்கிப் பேரைப் போட்டு, கடைசியில் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. ஒரு பையன் என்னிடம் ரகசியமாகக் கேட்டான்: “மேனேஜரப் போயி டியர்னு எழுதலாமாண்ணா, லவ் லெட்டர் மாதிரி?” எழுதலாம். இங்கிலீஷ் கடுதாசியில் டியர் என்றால் காதல் இல்லை, வெறும் வாசல்படி. ஃபாரத்தில் சர்நேம் கேட்டால் அப்பா பேரை எழுதுங்க. வடக்கே சர்நேம் சாதியைச் சொல்லும். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது, அதனால் நமக்கு இனிஷியல்தான்.

கை குலுக்குவது பற்றி. எதிரே இருப்பவர் நீட்டினால் குலுக்குங்க, கையை முழுசாகக் கொடுங்க, விரல் நுனியை மட்டும் கொடுக்காதீங்க. இன்டர்வியூவில் அவர்கள் நீட்டும்வரை நாம் நீட்டவேண்டாம். ஆம்பளைங்களோடு கை குலுக்க விருப்பம் இல்லாத பெண்கள் தலையசைத்துக் குட் மார்னிங் சொன்னால் போதும், தப்பில்லை. ஆனால் நமக்கு அந்தக் கையில் வேறொரு சேதி இருக்கிறது. தொட்டால்தான் கை குலுக்க முடியும். 1930இல் வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போன இரட்டைமலை சீனிவாசன், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கை நீட்டியபோது நான் தீண்டத்தகாதவன் என்று சொன்னதாக நம்ம மேடைகளில் ஒரு கதை உண்டு. கதை எப்படியும் இருக்கட்டும். மன்னன் கை நீட்டுகிறான், ஊர்க்காரன் நீட்டமாட்டான் என்பதை நம்ம சனங்க அந்தக் கதையில் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது நெதன்யாகுவும் சார்லஸும் கை குலுக்குவதை விட்டுவிட்டு நமஸ்தே போட்டார்கள். உடனே இங்கே ஒரே ஆட்டம். ‘பாத்தீங்களா, தொடாம கும்பிடுறதுதான் விஞ்ஞானம்னு நம்ம முன்னோர் அப்பவே சொன்னாங்க’ என்று என் வங்கி வாட்ஸப் குழுவில் நாளெல்லாம் ஓடியது. எந்த முன்னோர், யாரைத் தொடாமல், எத்தனை அடி தள்ளி நிறுத்தி என்று ஒரு வரி போடலாமா என்று விரலை வைத்தேன். போடவில்லை. அந்தக் கோழைத்தனத்தையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

வாழ்த்துக்கு அடுத்த வாக்கியம் எப்போதும் ஆபத்து. குட் மார்னிங் திரும்பி வந்துவிடும்; சென்னையில் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிற நம்ம தம்பி ஒருத்தன் தன் மேனேஜரைப் பேர் சொல்லியே கூப்பிடுகிறான், அங்கே சாரே கிடையாது. ஆனால் சேர்ந்த முதல் வாரமே, ‘வேர் ஆர் யூ ஃப்ரம்?’ விழுப்புரம். விழுப்புரத்துல எங்க? ஊர்லயா, அந்தப் பக்கமா? அப்பா என்ன பண்றாரு? நீங்க நான்-வெஜ்ஜா? சிரித்துக்கொண்டே தோண்டுவார்கள். முதல் வாக்கியத்துக்குப் பதில் சொல்வது உங்க கடமை. இரண்டாவது வாக்கியத்துக்கு எவ்வளவு சொல்லணும் என்பது உங்க இஷ்டம். சொல்லாமல் சிரிக்கலாம். ‘நீங்க எந்த ஊரு?’ என்று திருப்பிக் கேட்கலாம். அல்லது சாதியையே நேராகச் சொல்லிவிட்டு அவன் மூஞ்சியைப் பார்க்கலாம். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் வயித்துப்பாட்டோடு இருக்கிற பிள்ளையை அதைத்தான் செய்யணும் என்று கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்லை.

இவ்வளவு பேசுகிற நான் என்ன யோக்கியம்? எங்க கிளையில் பெருக்குகிற அம்மா ஒருத்தி இருக்கிறாள். நம்ம ஆளுதான், என் அம்மா வயசு. காலையில் நான் உள்ளே நுழையும்போது துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு “குட் மார்னிங் சார்” என்பாள். பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் என்ன சொன்னேன் என்று போன ஞாயிறு ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்தேன். ‘ம்.’ அதுவும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே. மேனேஜருக்கு வாட்ஸப்பில் பூப்படம் போட்டுக் குட் மார்னிங் அனுப்புகிற விரல் இது. அந்தக் குழுவில் அந்த அம்மாவை யாரும் சேர்க்கவில்லை.

திங்கட்கிழமை நானே முதலில் சொன்னேன்: “குட் மார்னிங்மா.” அவள் திடுக்கிட்டுப் போனாள். “இன்னா சார், டிரான்ஸ்ஃபரா?” என்றாள். கிளையை விட்டுப் போகிறவன்தான் அன்பாகப் பேசுவான் என்பது அவள் அனுபவம். செவ்வாய்க்கிழமை அவள் வழக்கம்போலச் சொல்ல, நான் திருப்பிச் சொன்னேன். இன்னும் சார் போகவில்லை. அது அவ்வளவு சீக்கிரம் போகாது.

தோழருக்கு ஒன்று. 1854இல் வெளிவந்த தன் கவிதைத் தொகுப்பிலேயே இங்கிலீஷ் படிக்கச் சொல்லி எழுதினார் சாவித்திரிபாய் புலே. 2010இல் உத்தரப் பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி மாவட்டம் பாங்கா கிராமத்தில் தலித்துகள் இங்கிலீஷுக்குத் தேவி சிலை செய்து கோயில் கட்டத் தொடங்கினார்கள். கோயில் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கும்பிட இன்னொரு சாமி நமக்கு எதுக்கு? இங்கிலீஷைக் கும்பிடவும் வேண்டாம், அதற்குப் பயப்படவும் வேண்டாம், கடன் வாங்கிய பாத்திரம் மாதிரி பயன்படுத்துவோம். தமிழில் நமக்குச் சமமான வாழ்த்து ஒன்றை ஊர்த்தெரு ஒத்துக்கொள்ளும் நாள் வந்தால் அன்றைக்குப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அந்தப் பெண்ணின் கடைசிக் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. அவர்கள் ஒண்ணும் சொல்லலன்னா? திரும்பச் சொல்லாதே. நிமிர்ந்து நின்று இரண்டு விநாடி அவர்கள் முகத்தைப் பார். உட்காரச் சொன்னால் ‘தேங்க் யூ’ சொல்லி உட்கார். அவர்கள் வைத்த பாக்கி அவர்கள் கணக்கிலேயே நிற்கட்டும். இதைச் சொல்ல புதன்கிழமை சாயங்காலம் படிப்பகத்துக்குப் போனேன். அவள் எனக்கு முன்னாலேயே அங்கே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாவது படிக்கிற தம்பியை மேஜைக்குப் பின்னால் உட்காரவைத்து ஆபீசர் ஆக்கியிருந்தாள். கதவைத் தட்டி, உள்ளே வந்து, “குட் மார்னிங்” என்றாள். அந்தப் பொடியன் காலை ஆட்டிக்கொண்டு, முகத்தைத் தூக்காமல், “ம்” என்றான்.

யாரிடம் கற்றான் அவன் அதை?

“ஏன்டா, திருப்பிச் சொல்ல மாட்டியா?” என்று அவள் கேட்டாள். “ஆபீசருங்க சொல்ல மாட்டாங்கக்கா” என்றான். அவள் வெளியே போய் மறுபடியும் கதவைத் தட்டினாள்.